மங்களத்தின் இரண்டாவது கப்பல்

மங்களம் முதல்முறை பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கியது 1974இல். துறையூர்ப் பக்கத்துப் பெண். கையிலே ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள்ளே நான்கு புடவையும் துணி வெட்டும் கத்தரிக்கோலும். முந்தைய வருடம் தகப்பனாருடைய ஊரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மலேசியாவிலிருந்து வந்த பத்துமலை, ஊரைப் பார்த்ததோடு நிற்காமல் அவளையும் பார்த்து, மாரியம்மன் கோயிலில் தாலியைக் கட்டிவிட்டுத்தான் திரும்பியிருந்தான். மலேசியாவில் சுங்காய் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது ஈப்போவில் கல்லுடைப்புக்காரன் ஒருவனிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

இறங்குதுறையில் அதிகாரி அவளுடைய பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தினார். கணவன் இருக்கும் நாட்டுக்குள் வந்தாயிற்று, இனி என்ன என்று அவள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஈப்போவில் புந்தோங் பகுதியில் பலகை வீடு. வந்த இரண்டாவது வாரமே பக்கத்து வீட்டில் சும்மா கிடந்த தையல் மெஷினைக் கேட்டு வாங்கி, எண்ணெய் விட்டு, ஓட வைத்துவிட்டாள். அவள் தைத்த ரவிக்கை தோளில் பிடிக்காது, கையில் சுருங்காது. வாய்வழியாகவே பேர் பரவியது. அப்படித் தேடி வந்தவர்களில் ஒருத்திதான் அன்னபாக்கியம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். மங்களத்தின் வயதுதான் இருக்கும்.

அளவு கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் சாதாரணமாகக் கேட்டாள். "நீங்கள் எந்தப் பாஸிலை இருக்கிறீங்கள், மங்களம்?"

"பாஸா? என் வீட்டுக்காரரு இந்த ஊரு ஆளுங்க."

"அவர் இந்த ஊர்தான். நீங்கள்?"

பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை நீட்டினாள். அன்னபாக்கியம் முத்திரையைப் படித்தாள். படித்தவள் முகம் மாறியது.

"இது வந்து பார்த்திட்டுப் போறவைக்குக் குடுக்கிற பாஸ். மூண்டு மாசம். இதிலை இருந்துகொண்டு கூலிக்குத் தைக்கக் கூடாது. ஆரும் காட்டிக் குடுத்தால் உங்களுக்குத்தான் கரைச்சல்."

மங்களத்துக்குச் சுருக்கென்றது. "என் கையால நான் தைக்கிறதுக்கு யாருங்க உத்தரவு குடுக்கணும்?"

"பார்க்க வாறது ஒண்டு, வேலை செய்யிறது ஒண்டு, குடியிருக்கிறது ஒண்டு. மூண்டும் வேற வேற கதவு. நீங்கள் முதல் கதவாலை வந்து மூண்டாவது அறையிலை உட்கார்ந்திருக்கிறீங்கள்."

அந்தப் பேச்சு மங்களத்துக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. ஆனால் கோபம் தணிந்ததும் அவள் செய்த முதல் காரியம், மெஷினை உறை போட்டு மூடியது. அன்னபாக்கியத்தின் ரவிக்கையை மட்டும், சினேகிதிக்குத் தைப்பது குற்றமில்லை என்று சொல்லி, காசு வாங்காமல் முடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து இருவரும் நீ, நான் என்று பேச ஆரம்பித்தார்கள்.

பத்துமலை அவளைக் குடிநுழைவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனான். கெடுவை ஒரு தடவை நீட்டித் தந்தார்கள்; மறு தடவையும் தந்தார்கள். அடுத்த முறை போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்க்கார அதிகாரி, மனைவியாக நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டுமானால் அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும், முதலில் திருமணச் சான்றிதழைக் காட்டுங்கள் என்றார். மங்களம் கல்யாணப் போட்டோவை எடுத்து வைத்தாள். அவர் அதை நன்றாகப் பார்த்தார், சிரித்தார், மலாயில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாருங்க?"

"போட்டோ அழகா இருக்காம். ஆனா இது சூராட் இல்லையாம், சர்ட்டிபிகேட்டு இல்லையாம். கோயில்ல கட்டுன தாலிய உங்க ஊரு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிஞ்சு, அந்தக் காயிதத்தோட அங்கேருந்தே மனுப் போடணுமாம்." பத்துமலை போட்டோவைத் திரும்ப எடுத்துக்கொண்டான். "இந்தப் பாஸ இனி நீட்ட முடியாதுன்னுட்டாரு."

அப்போது அவள் மூன்று மாதக் கர்ப்பம்.

செய்தி கேட்டு சுங்காயிலிருந்து பத்துமலையின் அக்காள் முத்தம்மா பஸ் பிடித்து வந்துவிட்டாள். ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவள்; உரத்த குரல், இளகிய மனசு. "புள்ளத்தாச்சிய எவன்டா கப்பலேத்துவான்? எங்கூடத் தோட்டத்துக்கு அனுப்பிடு தம்பி. அந்த ரப்பர் காட்டுக்குள்ள எந்த மாத்தா, எந்தப் போலீசு வந்து பாஸ் கேக்கப் போறான் லா? எங்க லயத்து வரிசை வீட்டுலயே அப்படி ரெண்டு பேரு இருக்காங்க."

பத்துமலை தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது என்பது மங்களத்துக்குத் தெரிந்தது.

"அண்ணி, போலீஸ் ஜீப்பு சத்தம் கேட்டா அந்த ரெண்டு பேரும் என்ன பண்றாங்க?"

"காட்டுக்குள்ள ஓடுவாங்க. அப்புறம் வந்துருவாங்க."

"நான் ஓட மாட்டேன் அண்ணி. என் புள்ளையும் ஓடாது. நான் போயி, முறையா வாரேன்."

"போனவளுக எத்தன பேரு திரும்பி வந்தாளுக?" முத்தம்மா அழுதேவிட்டாள். "இவன் வேலைய விட்டுட்டு வந்து உன்னக் கூட்டிக்குவான்னு நெனைக்கிறியா? ஆம்பளைங்க மனசு கடலத் தாண்டுனா மாறிப் போயிரும்."

"இவரு மனசு மாறாது" என்றாள் மங்களம், அவன் இருக்கும்போதே, அவனைப் பார்க்காமலே. அந்த ஒரு சொல்லுக்காகவே தான் பிற்பாடு கடல் கடந்ததாகப் பத்துமலை ரொம்ப நாளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கெடு முடிவதற்குள் அவள் கப்பல் ஏறினாள். அன்னபாக்கியம் விவரமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: குழந்தை அங்கே பிறந்தால், ஒரு வயது முடிவதற்குள் மலேசியத் தூதரகத்தில் தகப்பன் பேரில் பதிந்துவிட வேண்டும், மறந்துவிடக் கூடாது. மேல்தளத்தில் நின்று கரை மறைகிறவரை மங்களம் கையசைத்தாள். கரை மறைந்த பிறகுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. ஒருவேளை அண்ணி சொன்னது பலித்துவிட்டால்? கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பசித்தது, போய்ச் சாப்பிட்டாள்.

துறையூரில் பெண் குழந்தை பிறந்தது. காளியம்மா என்று மாமியார் பேரையே வைத்தாள். ஊரில் கேட்காதவர்கள் இல்லை. 'மலேயாக்காரன் விட்டுட்டானா?' என்று சுற்றி வளைத்து விசாரிப்பார்கள். "வருவாரு" என்பாள், அதற்குமேல் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டாள். தைத்தாள், சம்பாதித்தாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மத்தியானம் பத்துமலை வந்து நின்றான். முதலாளி லீவு தரவில்லையாம். வேலையை விட்டுவிட்டே வந்திருந்தான். மகளைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இருவரும் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக்கு வந்த தாய்மாமன், கட்டிய தாலிக்கு மறுபடியும் எதற்குக் காகிதம் என்று முணுமுணுத்துக்கொண்டே கைநாட்டு வைத்தார். மதராசில் மலேசியத் துணைத் தூதரகத்துக்குப் போய்க் குழந்தையைப் பதிந்தார்கள், மனுவைக் கொடுத்தார்கள். அவன் அங்கே இருந்த இரண்டு மாதத்தில் ஊர் அரிசி மில்காரர் பத்துமலையை விடவில்லை: நல்ல டிரைவராமே, எங்கள் லாரியை ஓட்டேன், சம்பளம் தருகிறேன் என்றார்.

"முடியாதுங்க லா" என்று பத்துமலை சிரித்தான். "நான் இங்க சும்மா பாத்துட்டுப் போக வந்த ஆளு. வேல செஞ்சா என் பெஞ்சாதியே என்னப் புடிச்சுக் குடுத்துருவா."

அவன் முதலில் ஈப்போவுக்குத் திரும்பி வேறு லாரி தேடிக்கொண்டான். மனு நகர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1977இல் நுழைவு அனுமதி கையில் கிடைத்ததும் மங்களம் மகளோடு இரண்டாவது தடவையாகக் கப்பல் ஏறினாள். இந்த முறை பினாங்கில் முத்திரை குத்தியபோது, அந்த இடத்திலேயே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதிகாரி ஏதாவது தப்பா என்று கேட்டார். தப்பில்லை என்று தலையாட்டிவிட்டு, பின்னால் வரிசை முணுமுணுக்க, இன்னொரு தடவையும் படித்தாள்.

நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கான அடையாள அட்டை, சிவப்பு ஐசி, வந்தது. லஹாட் சாலைப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில், நாலு பேருக்குத் தெரியவே வாசலோரம் உட்கார்ந்து தைத்தாள். 1981இல் தன் பேரிலேயே போர்டு மாட்டினாள். சுங்காயிலிருந்து முத்தம்மாவின் மகளும் வந்து அவளிடம் தொழில் பார்த்தாள். தோட்டத்து லயத்தில் ஒளிந்திருந்த இரண்டு பேரில் ஒருவன், பிடிபடுவதற்கு முன் தானே ஆபீசுக்குப் போகத் துணிந்ததும், கூடத் துணைக்குப் போனவள் மங்களம்தான். அவனுக்கு அபராதம் போட்டு ஊருக்கு அனுப்பினார்கள். ஆனால் அவன் தலை நிமிர்ந்து விமானம் ஏறினான்.

1983இல் அவளுடைய தம்பி பழனியப்பன் துறையூரிலிருந்து வந்தான். வந்து நாலு நாள் ஆகவில்லை, ஆரம்பித்துவிட்டான். "அக்கா, ஒரு சாப்பாட்டுக் கடையில வரச் சொல்றாங்க. இங்கேயே தங்கிடுறேனே?"

"அந்தக் கடைக்காரரு உன் பேருக்கு வேலை பெர்மிட் எடுப்பாரா? கேட்டியா?"

"அதெல்லாம் எதுக்குன்னாரு."

"அப்ப அவருக்கு ஆளு வேணாம், மாடு வேணும்." துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "பாக்க வந்திருக்கே, நல்லா பாரு. மாமா காம்பாருக்குக் கூட்டிப் போவாரு, கேமரன் மலைக்குப் போலாம்பாரு, போயிட்டு வா. வேலைக்கு வரணும்னா, பெர்மிட் எடுக்கிற முதலாளிய நான் தேடுறேன். அதுவரைக்கும் நீ விருந்தாளி."

பழனியப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கிளம்பும் நாளன்று மங்களம் கடையைப் பூட்டிவிட்டு, அவனுக்காகத் தைத்த இரண்டு சட்டையைப் பையில் வைத்து, ஸ்டேஷனுக்கு நடந்தே அழைத்துப் போனாள். இரயில் வந்து நின்றபோதுதான், "மொதலாளி கெடைப்பாராக்கா?" என்று கேட்டான்.

"கெடைப்பாரு" என்றாள் மங்களம். "ஏறு."