லோட்டா ஆகிப்போன சுத்தி

எழுபதுகளின் தொடக்கம். தி.நகரில் ஒரு சின்ன விளம்பர ஸ்டுடியோவில் நான் ஆர்ட்டிஸ்ட். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் பாடநூலுக்குப் பன்னிரண்டு படங்கள் வேண்டுமென்று ஆர்டர் வந்தது. எல்லாம் அன்றாடக் கருவிகள். உளிக்கு உ, ரம்பத்துக்கு ர, சுத்திக்கு சு. பென்சிலில், அசல் போலவே இருக்க வேண்டும்.

அசல் போல வரைவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பிக்கொண்டிருந்த காலம். அந்த நம்பிக்கையில் வேறு யாருக்கும் பங்கில்லை. பாண்டி பஜார் கடை ஷோகேஸில் ஒரு சுத்தியைப் பார்த்தேன். பக்கவாட்டில் வரைவது ஸ்கூல் பிள்ளை வேலை என்று முடிவுசெய்து, அதன் முகம் பார்க்கிறவர் மூக்குக்கு நேரே வருகிற மாதிரி பர்ஸ்பெக்டிவ் வைத்தேன். கைப்பிடி பின்னால் குறுகி மறைந்தது. இரும்பின் பளபளப்புக்கே இரண்டு நாள். போட்டோ தோற்றது போ என்றார் மேனேஜர்.

அச்சுக்கு பிளாக் எடுக்குமுன் வகுப்பில் ஒருமுறை காட்டிவிடலாம் என்றார் அந்தப் பாடநூலை நடத்தப்போகிற டீச்சர். மந்தைவெளிக்காரர், அடையாற்றங்கரைக் குடிசைகளில் சாயங்காலம் பாடம் நடத்துவார். கைதட்டல் வாங்கலாமென்று படங்களை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

டீச்சர் சுத்திப் படத்தைக் காட்டி இது என்னவென்று கேட்டார். வகுப்பிலிருந்த பத்துப் பதினைந்து பெண்களும் பளபளக்கிற வட்டத்தைப் பார்த்து "லோட்டா" என்றார்கள். அதோடு விடவில்லை. கீழே இருந்த சு-வை "லோ" என்று படித்து, சிலேட்டில் எழுதவும் தொடங்கிவிட்டார்கள்.

நான் எழுந்து பர்ஸ்பெக்டிவை விளக்கினேன். ரோட்டு வேலைக்கு ஜல்லி உடைக்கிற பச்சையம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, குடிசைக்குள் போய்த் தன் சுத்தியை எடுத்துவந்து நீட்டினார்.

"புடி நைனா. ஒரு கல்லு ஒட."

இரும்பை ஒட்டிப் பிடித்தேன்.

"அங்க புட்சா அடி எப்டி எறங்கும்? கைப்புடி எதுக்கு கீது? நீ இத்த தொட்டதே இல்ல."

உண்மை. எங்கள் வீட்டில் ஆணி அடிக்கவே ஆள் வருவார். பிடியைத் தாழ்த்தி ஓங்கினேன். கல் தப்பித்தது, இடது கட்டைவிரல் நகம் கறுத்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்தார். சிரித்திருக்கலாம்.

பன்னிரண்டையும் திரும்ப வரைகிறேன் என்றதும் மேனேஜர் என்னைச் சீட்டுக் கிழித்து அனுப்பிவிடுவார் போலிருந்தது. கடைசியில் ஒரு வாரம் தந்தார். தினமும் சாயங்காலம் ஆற்றோரம் உட்கார்ந்து, மற்றக் கருவிகளோடு அந்தச் சுத்தியையும் முழு நீளத்துக்குப் பக்கவாட்டிலேயே வரைந்தேன். கை பட்டுத் தேய்ந்த இடத்தில் மட்டும் 2பி பென்சிலால் லேசாக நிழல். "இதுல உன் திறமை எங்கயுமே தெரியலையேப்பா" என்று மேனேஜர் வருத்தப்பட்டார்.

மறுபடி வகுப்பு. பாராட்டுக்காகக் கடைசி வரிசையில் காத்திருந்தேன். சுத்தி என்று சொன்னார்கள். படத்தை அதோடு மறந்தார்கள். சு-வுக்கு வால் எந்தப் பக்கம் என்று பச்சையம்மாவுக்கும் பக்கத்தில் இருந்தவருக்கும் தகராறு. என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

வரையப்போகிற கருவியால் முதலில் ஒரு வேலை செய்து பாருங்கள் என்று இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் இப்போது சொல்கிறேன். பாடநூல் படத்துக்கு அன்று கிடைத்ததைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்றும் சொல்கிறேன். அன்றைக்கென்னவோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.