வேலையில்லாத முதலாளி

வேலையில்லாதவர்களைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, எங்காவது வேலையில் சேர்த்துவிடுவதுதான் என் வேலை. மும்பை தாராவியில் ஓர் இளைஞர் திறன் பயிற்சி மையத்தில் இருக்கிறேன். திட்டம் தீட்டுகிறவர்கள் தில்லியில் ஏசி அறையில் இருக்கிறார்கள். அதைத் தெருவில் இறக்கிப் பார்க்கும் பாவப்பட்ட ஜீவன்கள் நாம். நீங்களும் நம் கூட்டம்தான் என்றால் இதைப் படித்துச் சிரிக்க மாட்டீர்கள், தலையை மட்டும் ஆட்டுவீர்கள்.

சும்மா இருப்பவர் தேவை

ஒவ்வொரு பேட்சுக்கும் முப்பது பேர் வேண்டும். அத்தனை பேரும் வேலையில்லாத இளைஞர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. சந்து சந்தாக அலைந்தேன். ஒருவன் பெல்ட் வெட்டிக்கொண்டிருந்தான், ஒருத்தி சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள், இன்னொருவன் தலையில் இட்லிப் பாத்திரத்தோடு மாஹிம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் வேலை இருந்தது. ஆனால் எதுவுமே அரசாங்கத்தின் கண்ணுக்கு வேலையாகத் தெரியாத வேலை.

டீக்கடையில் நின்றிருந்த ஒருவரிடம், "இங்கே வேலையில்லாத பசங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீடு எங்கே என்று விசாரித்தார். மாட்டுங்கா என்றேன், கொஞ்சம் வசதியான பகுதி.

"அப்போ அங்கனயே தேடிப் பாருங்க சார். இங்க சும்மா இருந்தா சோறு கெடையாது."

மெஷினுக்குப் பிடித்த விரல்

ஒருவழியாகப் பேட்ச் சேர்ந்தது. கடைகளில் விற்பனையாளர் ஆவதற்கான பயிற்சி. அதில் இசக்கியம்மாள் என்ற பெண்ணும் இருந்தாள். அவள் தாய் பேச்சியம்மாள், தோல் பர்ஸ் செய்யும் ஒரு கார்கானாவிலிருந்து ஒட்டுவேலை வாங்கி வீட்டில் செய்பவர். இசக்கி சிறு வயதிலிருந்தே கூடமாட ஒட்டி ஒட்டி, விரல் ரேகைகள் பசையிலேயே போய்விட்டன.

எங்கள் மையத்தில் வருகைப்பதிவு கைரேகை மெஷினில்தான். அது இசக்கியை ஏற்கவே இல்லை. தினமும் முதல் ஆளாக வருவாள், கணக்கில் வராதவள். இப்படியே போனால் பரீட்சை எழுத முடியாது. எண்ணெய் தடவினோம், எலுமிச்சம்பழம் தேய்த்தோம், என்ன செய்தும் விளக்கு சிவப்பாகவே எரிந்தது. கடைசியில் இடது கைச் சுண்டுவிரலை வைத்தாள், பச்சை எரிந்தது. நான் கைதட்டியேவிட்டேன். அவள் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஒண்ணுதான் சார் எங்கிட்ட வேலை செய்யாத விரல். அதான் உங்க மெஷினுக்குப் பிடிச்சுப்போச்சு."

குர்லாவில் ஓர் உண்மை

பரீட்சையில் இசக்கி நன்றாகத் தேறினாள். குர்லா மால் ஒன்றில், தோல் சாமான் கடையில் வேலையும் கிடைத்தது. ஒரு வாரம் போயிருக்கும், கடை மேனேஜரிடமிருந்து போன். செம்பூர்த் தமிழர், பொறுமைசாலி. நடந்தது இதுதான். ஒரு வாடிக்கையாளர் பர்ஸை எடுத்துக் காட்டி, தையல் உழைக்குமா என்று கேட்டிருக்கிறார். இசக்கி மடிப்பைப் புரட்டிப் பார்த்தாள். அவள் தாய் ஒட்டிய பர்ஸ்! சந்தோஷம் தாங்காமல், இது எங்கள் சந்தில் செய்தது, அங்கே வந்தால் பாதி விலைக்கே கிடைக்கும் என்று சொல்லிவிட்டாள். வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லச் சொல்லிப் பயிற்சி கொடுத்தவர்கள் நாங்கள்தானே. அவளிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டவர்கள் ஒருவர் இருவர் இல்லையாம்.

"பொண்ணு நல்லாத்தான் விக்குது சார். எங்க கடைச் சரக்கைத்தான் விக்க மாட்டேங்குது."

ஓர் ஆள் குறைவு

வேலை போன கையோடு இசக்கி சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தாள். வீட்டு வாசலில் 'இசக்கி லெதர்ஸ்' என்று பலகை. பெயரைத் தானே சிவப்புப் பெயிண்டில் எழுதினாள். கூடப் படித்த இரண்டு பெண்களையும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதற்குத்தானே திட்டம் என்று நினைத்தேன்.

எங்கள் மையத் தலைவர் குல்கர்னி அப்படி நினைக்கவில்லை. மேலே ஒரு முதலாளி இருந்து மாதச் சம்பளம் கொடுத்தால்தான் எங்கள் திட்டத்தில் அது வேலை. அதன்படி இசக்கியிடம் இருந்த இரண்டு பெண்களும் வேலை பெற்றவர்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த இசக்கி வேலையில்லாதவள். அவள் ஒருத்தியால் கணக்கில் ஓர் ஆள் குறைந்தது. குறைந்தால் அடுத்த பேட்ச் கிடையாது, மையத்தை இழுத்து மூட வேண்டியதுதான். அந்தப் பேட்சுக்காக இசக்கியின் தங்கையும் அந்தச் சந்துப் பெண்களும் காத்திருந்தார்கள். தந்தா என்கிற சொந்தத் தொழில் வேறு, நௌக்ரி என்கிற உத்தியோகம் வேறு என்று குல்கர்னி எனக்கு விளக்கினார். நான் விடாமல் வாதாடினேன். அவர் மேசையைத் தட்டினார்.

"தந்தா நஹீ பாபா, நௌக்ரி சாஹியே!"

புது முதலாளி

விஷயத்தை இசக்கியிடம் சொன்னேன். கடையை மூடிவிட்டு மறுபடி மாலுக்குப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலே இருக்கிற முதலாளி யாராக இருந்தாலும் பரவாயில்லையா என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். அந்த வாரமே கடையைத் தாயின் பெயருக்கு மாற்றிவிட்டு, அங்கேயே சம்பளத்துக்குச் சேர்ந்தாள். பலகையில் இசக்கி போய்ப் பேச்சி வந்தது. அழித்த பெயர் புதுப் பெயிண்டுக்கு அடியில் லேசாகத் தெரிந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பேச்சியம்மாளோ பதவியை நிஜமாகவே ஏற்றுக்கொண்டார். அடுத்த மாதம் நேராக என் மேசைக்கு வந்தார்.

"இசக்கி ரொம்ப எதுத்துப் பேசுதா சார். சொன்ன பேச்சு கேக்குற பிள்ளையா ஒண்ணு அனுப்புங்க."

லட்சியம்

மேலிடத்து அதிகாரி ஆய்வுக்கு வந்தார். கணக்குச் சரியாக இருந்தது, அடுத்த பேட்சுக்கு ஒப்புதலும் கொடுத்தார். வேலை பெற்றவர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றார். இசக்கியிடம் அழைத்துப் போனேன். திட்டத்தால் முன்னேறிவிட்டாய், அடுத்து என்ன லட்சியம் என்று இந்தியில் கேட்டார். தண்ணீர் பட்ட பாடாக இந்தி பேசுகிறவள், அன்று என் முகத்தைப் பார்த்துத் தமிழில்தான் பதில் சொன்னாள்.

"முதலாளி ஆகணும் சார்."

அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அதிகாரிக்கு ஒரே மகிழ்ச்சி.

"வெரி குட்! அதற்கும் நம்மிடம் ஒரு கோர்ஸ் இருக்கிறது."

அடுத்த பேட்ச் வந்துவிட்டது, என் உத்தியோகமும் தப்பியது. இதில் யார் யாரை முன்னேற்றினோம் என்று மட்டும் யாரும் கேட்டுவிடாமல் இருக்க வேண்டும்.