பெயர்களின் மேல் பூத்த பூக்கள்

திண்டிவனத்தில் என் சித்தி தன் வீட்டிலேயே கேக் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். நான்காம் வகுப்பு முடிந்த விடுமுறைக்கு விழுப்புரத்திலிருந்து என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். ஐசிங்குக்கு நிறம் கலப்பதுதான் எனக்குத் தரப்பட்ட உத்தியோகம். ஒரு சொட்டு கூடினாலும் சித்தி முறைப்பாள்.

ஒருநாள் ஓர் அக்கா கேக் சொல்ல வந்தாள். துப்பட்டாவால் முகத்தை மறைத்திருந்தவள், உள்ளே வந்ததும் அதை விலக்கிச் சிரித்தாள். மறுநாள் அவளுக்குக் கல்யாணமாம். கேக்கின் மேல் இரண்டு பெயர்களையும் எழுத வேண்டுமாம். ஓரத்துக்கு என்ன நிறம் போடலாம் என்று என்னையே கேட்டாள். ஊதா என்றேன். போகும்போது சித்தியின் காதில் ஏதோ சொன்னாள். சித்தியின் முகம் மாறிவிட்டது.

மறுநாள் வெள்ளைக் கிரீமின் மேல் சிவப்பில் சித்தி அந்தப் பெயர்களை எழுதி முடித்தாள். அத்தனை அழகாக அவள் எழுதி நான் பார்த்ததில்லை. அப்போது தெருவில் பைக்குகள் வந்து நின்றன.

"கேக் போட்டு விக்கிறாங்களாமே, அந்த வூடு எது?" என்று பக்கத்து வாசலில் ஒரு குரல் கேட்டது.

சித்தி கைக்குக் கிடைத்த ஐசிங் கோனை எடுத்தாள். மஞ்சள், பச்சை, ரோஸ், ஊதா என்று மாற்றி மாற்றி எடுத்துப் பெயர்களின் மேலேயே பூப்பூவாகப் பிழிந்தாள். அவசரத்தில் பூக்கள் கோணலாக விழுந்தன.

"ஐயோ சித்தி, பேரு!"

"வாய மூடு." அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

மூன்று பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் போனை நீட்டினார். படத்தில் அந்த அக்கா.

"எந்தங்கச்சி. இங்க வந்துச்சாம்மா?"

"இல்லீங்க."

"அப்ப இந்தக் கேக்கு யாருக்கு?"

"எங்க அக்கா பொண்ணுக்குங்க. இன்னிக்குப் பொறந்தநாளு."

அவர் என் பக்கம் குனிந்தார். "உனுக்கா பாப்பா?"

என் பிறந்தநாள் மழைக்காலத்தில் வரும். சித்தியின் விரல்கள் என் தோளில் அழுந்தின. வலித்தது. ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவர் கேக்கையே பார்த்தார். பிறகு ஒரு பூவை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டார். பூ இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. அவர் என்னைப் பார்த்து, "நல்லா இரு," என்று கன்னத்தைத் தட்டினார். "ஜல்தி வாங்கடா, பஸ் ஸ்டாண்டுல பாக்கலாம்," என்று மற்றவர்களை அழைத்துக்கொண்டு போனார்.

பைக் சத்தம் ஓய்ந்ததும் சித்தி ஸ்கூட்டரை எடுத்தாள். கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். பெருமுக்கல் பக்கம், கேக்கைக் கொண்டுவரச் சொல்லியிருந்த வீட்டில் அந்த அக்கா புதுத் தாலியோடு இருந்தாள். பக்கத்தில் அவள் கட்டிக்கொண்டவர். சித்தி சொன்னதைக் கேட்டு இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது. கேக்கை யாரும் வெட்டவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்ற காரில் ஏறிப் போய்விட்டார்கள். எங்கோ வடக்கே நன்றாக இருக்கிறார்கள் என்று பல வருடம் கழித்துச் சித்தி சொன்னாள்.

அன்று எனக்குக் கேக் வீணான வருத்தம்தான். திரும்பும் வழியில் கேட்டேன்: "ஏன் சித்தி, அவங்க அண்ணன்தான் வூட்டுக்கே வந்தாரில்ல? அவருகிட்டயே கேக்கைக் குடுத்து அனுப்பியிருக்கலாமில்ல?"

சித்தி வண்டியை ஓரங்கட்டினாள். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. பிறகு என்னை இறுக்கி அணைத்துக்கொண்டு அழுதாள். அலைச்சல் மிச்சமாகிற மாதிரி ஒரு வழி சொன்னதற்கு அவள் ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.