நேராகப் பொருத்திய கண்ணாடி

"வெள்ளிக்கிழம எங்கட போறண எரியிறல்ல சேர்" என்று ஹாஜியார் சொன்னபோது என் வாயில் கொம்பு பணிஸ் என்னும் இனிப்பு பன்னில் பாதி இருந்தது. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஏனென்றால், நாங்கள் அளந்த வெள்ளிக்கிழமையும் அவருடைய போறணையிலிருந்து, அந்த ரொட்டி சுடும் விறகு அடுப்பிலிருந்து, விஷவாயு வந்ததாகக் கையெழுத்துப் போட்டு அறிக்கை கொடுத்தவன் நான். அந்த அறிக்கையை வைத்து வியாழக்கிழமை அவருடைய பேக்கரிக்குப் பூட்டுப் போடப் போகிறார்கள். அன்று திங்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தைரியத்தைச் சொல்லிக்கொள்ளும் கதை இல்லை இது.

1. பெட்டி

கண்டியில் ஒரு மேட்டின் மேலிருக்கும் ஆய்வுகூடத்தில் நான் தொழில்நுட்ப அலுவலர். காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளப்பது வேலை. சுற்றிலும் மலை, நடுவில் ஊர் என்பதால் காலையில் பஸ் விடும் புகை மத்தியானம்வரை வெளியேற வழி தெரியாமல் நிற்கும். எங்களுக்கு வேலை குறைந்ததே இல்லை.

இருபது வருடம் வடிதாளும் பம்பும் வைத்துத் தூசி பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு லேசர் பெட்டி வந்தது. உள்ளே எள்ளை விடச் சிறிய குறைகடத்தி லேசர் ஒன்று. அது விடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. கார்பன் மொனொக்சைட் வாயு விழுங்கக்கூடிய ஒரே ஒரு நிறத்துக்கு அதை டியூன் பண்ணி வைப்போம். ஒளி போய், தூரத்தில் கம்பத்தில் கட்டிய ரிஃப்ளெக்டரில் பட்டு, திரும்பி வரும். வழியில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு வாயு இருக்கிறது. 'இவ்வளவுதான் விசயம்' என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்வேன். அவர்கள் போனதும் சந்தேகம் கேட்க, ஆய்வுகூடத்தை நடத்தும் பேராசிரியைக்குப் போன் போடுவேன்.

ஒளி வெளியே வரும் இடத்தில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். அது ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும், பாண் ரொட்டியைக் கோணலாக வெட்டியதுபோல இருந்தது. பொருத்தியதும் சாய்த்துத்தான். ஏன் இப்படி என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரனும் சில நாள் அவசரமாக வேலை செய்வான் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பளையில் ஒரு வேலை முடித்துத் திரும்பும்போது வளைவொன்றில் பெட்டி சரிந்து கண்ணாடி வெடித்தது. புதிது வர மாதக்கணக்காகும். அலுமாரியில் பழைய கருவி ஒன்றிலிருந்து கழற்றிய தடித்த குவார்ட்ஸ் கண்ணாடி கிடந்தது. இரண்டு பக்கமும் அச்சுப் பிசகாமல் சமம். அளவும் சரி. ரசமட்டம் வைத்து மயிரிழை சாயாமல் நேராகப் பொருத்தினேன்.

எங்கள் பேராசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். கூட்டம் ஒன்றுக்கு ஓடிக்கொண்டே எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"அந்தோணி, கண்ணாடி வடிவாப் பூட்டியாச்சோ?"

"ரசமட்டம் வச்சுப் பூட்டியிருக்கேன் மேடம். கம்பெனிக்காரன்கூட இவ்வளவு நேரா வச்சதில்ல."

நான் சொன்னதில் பொய் இல்லை. கம்பெனிக்காரன் அவ்வளவு நேராக வைக்கவே மாட்டான்.

2. பத்து மணி

மடவளைப் பக்கம் ஒரு சரிவில் ஹாஜியாரின் பேக்கரி. அதற்கு மேல்வீட்டில் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவரும் அவர் மனைவியும். அந்த அம்மாவுக்கு மூச்சிழுப்பு. விறகுப் போறணைப் புகைதான் காரணம் என்று தபால் அதிபர் பிரதேச சபைக்கு எழுதினார். அளந்து சொல்லும்படி சபை எங்களைக் கேட்டது.

தபால் அதிபர் வீட்டு பல்கனியில் பெட்டியை வைத்தேன். ஒளி பேக்கரி முற்றத்துக்கு மேலாகப் போய், எதிர்ச் சுவரில் நட்ட கம்பத்து ரிஃப்ளெக்டரில் பட்டுத் திரும்பியது. ஒரு வாரம் அளந்தோம். ஒவ்வொரு நாளும் காலை ஒன்பதரைக்குக் கோடு ஏறத் தொடங்கும், பத்துக்கு உச்சி, பன்னிரண்டுக்கு இறங்கிவிடும். மணிக்கூடு வைத்ததுபோல.

போறணையை மூட்டுவது விடியற்காலையிலும் மத்தியானம் ஒரு மணிக்கும். அப்படியென்றால் பத்து மணிக்கு என்ன? யோசித்தோம். பத்து மணிக்குச் சாம்பலும் தணலும் வாருகிறார்கள், அதுதான் என்று முடிவு கட்டினோம். காரணம் கண்டுபிடிப்பதில் படித்தவர்களை வெல்ல ஆள் கிடையாது. நானும் கையெழுத்திட்டேன், பேராசிரியையும் இட்டார். வியாழக்கிழமை விசாரணை என்றும், அன்றைக்கே போறணைக்குப் பூட்டு என்றும் சபையிலிருந்து பதில் வந்தது.

திங்களன்று கம்பத்தைக் கழற்றிக்கொண்டு வரப் போனேன். ஹாஜியார் என்னை வெட்டப் போகிறார் என்ற நினைப்பில், ஓடுவதற்கு வசதியாக த்ரீவீலைத் திருப்பியே நிறுத்தச் சொன்னேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன் டீயும் பணிஸும் வைத்தார். அது வெட்டுவதை விடக் கஷ்டமாக இருந்தது.

"எண்ட போறணக்கி மௌத்து அறிவிச்சிட்டீங்க. இரிங்க, டீயக் குடிங்க." போறணைக்குச் சாவு அறிவித்துவிட்டேனாம்.

"நாங்க அளந்ததத்தாங்க எழுதினோம்."

"அளங்க, அளங்க. பன்னெண்டு பேரு வேல செய்ற எடம் இது. செல்லுங்க பாப்பம், எந்த நாள் பொக கூட?"

பெருமையாகத் தாளைக் காட்டினேன். "எல்லா நாளும் ஒரே மாதிரிங்க. பாருங்க, புதன், வியாழன், வெள்ளி..."

அப்போதுதான் அவர் அந்த வெள்ளிக்கிழமை வார்த்தையைச் சொன்னார். வியாழன் பின்னேரமே வேலைக்காரப் பெடியன்மார் ஊருக்குப் போய்விடுவார்கள், வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் மறுபடி நெருப்பு மூட்டுவார்கள், அவருடைய வாப்பா காலத்திலிருந்து வழக்கம் அது என்றார். பக்கத்துச் சாமான் கடைக்காரரும், "வெள்ளிக் காலைல இஞ்ச ஒரு பூனகூட இரிக்காது சேர்" என்றார்.

ஒரு வாரம் அந்தச் சுவர்மேல் ஒளி விட்டுக்கொண்டிருந்த நான், வெள்ளிக்கிழமை போறணை எரிகிறதா என்று ஒரு தரம்கூட எட்டிப் பார்க்கவில்லை. கணினியில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3. கைக்குட்டை

திரும்பும் வழியில் மூன்று முடிவுகள் யோசித்தேன். ஒன்று, ஹாஜியார் பொய் சொல்கிறார். இரண்டு, வெள்ளிக்கிழமை மட்டும் வேறு எங்கிருந்தோ அதே அளவு வாயு அதே நேரத்துக்கு வந்திருக்கிறது. மூன்று, நான் வேலையை விட்டுவிட்டு கம்பளைச் சந்தையில் மரக்கறி விற்கிறேன். மூன்றாவதுதான் நம்பும்படி இருந்தது.

செவ்வாய்க் காலை பெட்டியை ஆய்வுகூடத்து மொட்டை மாடிக்குத் தூக்கினேன். ரிஃப்ளெக்டரைப் பெட்டிக்கு எதிரே ஒரு முழத்தில் வைத்தேன். ஒரு முழக் காற்றில் எவ்வளவு வாயு இருந்துவிடும்? கோடு தரையோடு கிடக்கவேண்டும். ஒன்பதரை வரை கிடந்தது. வெயில் மலையைத் தாண்டி வந்து கண்ணாடியில் பட்டது. கோடு மெதுவாக எழுந்தது. பத்து மணிக்கு, மடவளையில் கண்ட அதே உச்சி. மாடியில் போறணையும் இல்லை, தணலும் இல்லை. வியர்த்துக்கொண்டு நான் மட்டும் நின்றேன்.

கைக்குட்டையை நனைத்துக் கண்ணாடியின் சட்டத்தைச் சுற்றிக் கட்டினேன். கோடு இறங்கியது. எடுத்தேன், ஏறியது. மறுபடி கட்டினேன், இறங்கியது. ஈரத் துணி ஒன்றால் கண்டியின் காற்றைச் சுத்தமாக்கவும் அழுக்காக்கவும் எனக்குச் சக்தி வந்திருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

பேராசிரியை மேலே வந்து தானும் ஒரு தடவை துணியைக் கட்டி எடுத்துப் பார்த்தார்.

"ஆர் இந்தக் கண்ணாடியை இவ்வளவு நேரா வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க மேடம். நானாத்தான்."

"ரெண்டு பக்கமும் சமமா இருந்தா, அந்தப் பக்கத்தில பட்டுத் திரும்புற ஒளியும் இந்தப் பக்கத்தில பட்டுத் திரும்புற ஒளியும் ஒண்டோட ஒண்டு கூடிக் குறைஞ்சு அலை மாதிரி வரும். வெயிலில கண்ணாடி சூடாக, அந்த அலை நகரும். நகர்ந்து வந்து வாயுவின்ர இடத்தில குந்தினா, பெட்டிக்கு அது வாயுதான். அதுக்குத்தானே அவங்கள் வேணுமெண்டே கோணலா வெட்டிச் சாய்ச்சு வைக்கிறவங்கள்."

"அப்ப ஹாஜியார்..."

"ஹாஜியாரில்லை. நாங்கள்தான் பிழை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் பாக்காமல்தான் கையெழுத்து வச்சனான்."

சபைக்குக் கடிதம் அனுப்பிவிடலாம் என்றேன். கடிதம் போய்ச் சேருமுன் வியாழன் வந்துவிடும் என்றார். அப்படியானால் நீங்கள் போய்ச் சொல்லுங்கள் மேடம், உங்களுக்கென்றால் மரியாதை இருக்கும் என்றேன்.

"கண்ணாடியைப் பூட்டினது ஆர்?"

"நான்தாங்க."

"அப்ப சொல்லுறதும் நீங்கள்தான். நான் பக்கத்தில இருப்பன், பயப்பிடாதேங்கோ."

புதன் முழுக்கப் பயந்தேன். ஆனால் அன்றிரவு படுக்கும்போது ஒன்று தெளிவாகியிருந்தது. பயம் அதன்பாட்டில் இருக்கட்டும், நான் என்பாட்டில் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும். இரண்டும் ஒரே பஸ்ஸில் போவதில் தடையில்லை.

4. வியாழன்

விசாரணை சிங்களத்தில் நடந்தது. நான் பேசவேண்டியதை ஒரு தாளில் எழுதிப் போயிருந்தேன். எழுந்ததும் தாள் எந்தச் சட்டைப்பையில் என்று மறந்துபோயிற்று. தேடுவதை விட்டுவிட்டு நேரே சொன்னேன். நாங்கள் கொடுத்த அளவு பிழை, அது போறணையின் புகை அல்ல, நான் பொருத்திய கண்ணாடியின் கோளாறு, அதை வைத்து யாருடைய கதவையும் பூட்டவேண்டாம் என்றேன்.

விசாரித்த சபை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியென்றால் அங்கே புகையே இல்லையா?"

இல்லை என்று சொன்னால் ஹாஜியார் வீட்டில் எனக்குப் பிரியாணி கிடைக்கும். ஆனால் அதுவும் எனக்குத் தெரியாத விசயம்தானே.

"தெரியாது, சேர். இரண்டு வாரம் கொடுங்கள். திருத்திய பெட்டியால் அளந்து சொல்கிறேன்."

தபால் அதிபர் பாய்ந்து எழுந்தார். அவர் என்னிடம் பேசியது மட்டும் தமிழில். "எங்க வீட்டுக்காரம்மா ராவும் பகலும் இருமுறாளே, அந்த இருமலும் ஒங்க கண்ணாடியில இருந்துதான் வருதா?"

பேராசிரியை என் பக்கம் பார்க்காமல், உட்காரும்படி என் சட்டையை மெதுவாக இழுத்தார். பூட்டு இரண்டு வாரம் தள்ளிப்போனது.

5. மறுபடியும்

அதே தடித்த கண்ணாடியைச் சாய்த்துப் பொருத்தி, வெயில் படாமல் மேலே தகரம் அடித்தேன். ஒவ்வொரு காலையும் ஒரு முழச் சோதனை, அது சரியாக வந்தால்தான் அளவு. இந்த முறை பல்கனியில் பெட்டியோடு நானும் உட்கார்ந்தேன். போறணை மூட்டும் நேரம், விறகு ஈரமா காய்ந்ததா, காற்று எந்தப் பக்கம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். தபால் அதிபரின் மனைவி உள்ளேயிருந்து இருமுவது கேட்கும். ஒரு நாள் அந்த அம்மாவே வந்து ஒரு கோப்பைத் தேநீர் வைத்துவிட்டு, "இந்தத் தடவ சரியாப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

பத்து மணிக்குக் கோடு அசையவில்லை. ஆனால் மத்தியானம் ஒன்றரைக்கு எழுந்தது. பழைய உச்சியளவு இல்லை, அதனால்தான் முதல் வாரத்தில் எங்கள் கண் இதில் நிற்கவில்லை. அலட்சியம் செய்கிற அளவுக்குச் சிறியதும் இல்லை. ஒரு மணிக்கு மூட்டும் போறணையின் புகை, மத்தியானத்தில் மட்டும் சரிவில் ஏறும் காற்றோடு சேர்ந்து, குட்டைப் புகைக்கூண்டிலிருந்து நேரே அந்த அம்மாவின் ஜன்னலுக்குத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானமும் கோடு தரையோடு கிடந்தது.

இதைச் சபைக்குச் சொல்லுமுன் ஹாஜியாரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். ஒருவரைக் குற்றவாளியாக்கி, விடுவித்து, இரண்டு வாரத்தில் மறுபடியும் பிடிக்கப் போகிறவன் என்ன முகத்தோடு போவது? இருந்த முகத்தோடுதான் போனேன். அன்று த்ரீவீலைத் திருப்பி நிறுத்தச் சொல்லவில்லை.

தாளை மேசையில் விரித்தேன். எந்த நாள் எந்தக் கோடு என்று காட்டினேன். ஹாஜியார் கடைசியாகக் கேட்டார்.

"அப்ப இது ஒங்கட கண்ணாடியா, எண்ட போறணயா?"

"ஒங்க போறணைதாங்க."

"வெள்ளிக்கிழம?"

வெள்ளிக்கிழமைக் கோட்டைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதை விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினார். அவருடைய மகன் பின்னாலிருந்து, "போன தரம் பொய் செல்லிட்டு வந்த ஆளு, இப்ப இதையும் நம்பணுமா வாப்பா?" என்று கேட்டான்.

ஹாஜியார் திரும்பிப் பார்த்தார். "டேய், போன தரம் பிழ எண்டு செல்ல இவரு யாரும் கேக்காம சபைக்கு வந்தாரு. வராம இருந்திருந்தா இண்டைக்கி ஒனக்குக் கட இல்ல. அண்டைக்கி அத நம்பினோம் தானே? இத நம்பாட்டி எப்பிடி?" என்னிடம், "பொகக்கூண்ட எவ்வளவு ஒசத்தணும்? செல்லுங்க. மேசன் பாஸ நாளைக்கே வரச் செல்றேன்" என்றார்.

புகைக்கூண்டு தபால் அதிபரின் கூரைக்கு மேலே போயிற்று. மத்தியானப் போறணைக்குக் காய்ந்த விறகு மட்டும். மூன்றாவது முறை அளந்தபோது ஒன்றரை மணிக் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. 'கிட்டத்தட்ட' என்று அறிக்கையிலும் எழுதினேன்.

எல்லாரையும் போல நானும் மற்றவரைச் சோதிக்கத்தான் கருவியை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் அதற்கு முன்னால் ஒரு முழத்தில் நின்று அதையே கேட்கவேண்டும் என்பதைக் கற்க எனக்கு ஒரு பேக்கரியே பலியாகப் பார்த்தது. பிழை விட்டால் வாயால் சொல்லுங்கள், கடிதத்துக்காகக் காத்திராதீர்கள். அடுத்த முறை நீங்கள் சரி என்று சொல்லும்போது யாராவது நம்பவேண்டுமே.

தபால் அதிபர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது நிமிர்ந்து பார்த்தேன். மணி ஒன்றரை. போறணை எரிந்துகொண்டிருந்தது. மேல்வீட்டு ஜன்னல் இரண்டு கதவும் திறந்திருக்க, அந்த அம்மா அதன் விளிம்பில் சாய்ந்து, கீழே பேக்கரிப் பெடியனிடம் பாண் கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.