சத்தம் வராத கை

மட்டை உரிக்காத தேங்காய் ஒன்று காற்றில் சுழன்று வந்து மனிதக் கையில் விழும்போது 'தொப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் அது உதவாத கை என்பது லாரியில் காய் ஏற்றுகிறவர்களின் தீர்ப்பு. கீழே நிற்பவர் இரண்டிரண்டாக விட்டெறிவார், மேலே நிற்பவர் அதைப் பிடிக்கக் கூடாது, 'வாங்க' வேண்டும். காய் வருகிற வேகத்துக்கே கையையும் பின்னால் கொண்டுபோய், குழந்தையை வாங்குவதுபோல வாங்கிவிட்டால் விரலும் நோகாது, சத்தமும் எழாது. காரைக்காலில், தருமபுரத்தில், எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த சூசை அப்படித்தான் வாங்குவார். பள்ளி விடுமுறை நாட்களில் அவருக்குப் பக்கத்தில் லாரிமேல் நின்றுகொண்டு அவர் மகள் ஆக்னஸ் அவரைவிட நன்றாக வாங்குவாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கும் அதேதான். சத்தமே கேட்காததால், முதல்முறை பார்த்தபோது ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்து, அவள் கையிலிருந்த காயைக் கேட்டு வாங்கிக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் ஆடியது. நிஜத் தேங்காய்தான்.

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. என் அப்பா பிரெஞ்சு படித்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து ஓய்வூதியம் வாங்கிய வீடுகளை எங்கள் பக்கத்தில் 'சொல்தா வீடு' என்பார்கள். அந்த வீடுகளுக்கு வரும் தாள்களைப் படித்துச் சொல்வதும், நிரப்பிக் கொடுப்பதும் அவர் தொழில். இன்னார் இன்னும் உயிரோடிருக்கிறார் என்று வருஷா வருஷம் ஒரு சான்று போக வேண்டும். செத்துப்போனவர்கள் தாளில் நாலைந்து வருஷம் நடமாடியதையும், அக்காள் பிள்ளை தாளில் சொந்தப் பிள்ளையாகி விமானம் ஏறியதையும் பார்த்துப் பார்த்து அவருக்கு மனிதர்கள்மேல் இருந்த நம்பிக்கை தேய்ந்துவிட்டது. "தாள்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்காதே, எதுக்கு எழுதியிருக்குன்னு பாரு" என்பார். பால்காரர் ஒரு சொட்டு அதிகம் ஊற்றினால், பாலைப் பார்க்காமல் பால்காரர் முகத்தைப் பார்ப்பார். நானும் அந்த வளர்ப்புதான். பள்ளிக்கூடத்தில் யாராவது மிட்டாய் நீட்டினால் வாயில் போட்டுக்கொண்டு காரணம் கேட்பேன்.

அந்த வருஷம் 'வக்கான்ஸ்' என்று அவர்கள் சொல்லும் கோடை விடுமுறைக்கு, பாரிஸுக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து அல்போன்ஸ் குடும்பம் வந்து இறங்கியது. அல்போன்ஸ், சூசையின் பெரியப்பா மகன். இரண்டு வீட்டுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. ஒருவர் அதை வைத்துக்கொண்டு அங்கே போனார், இன்னொருவர் அதை டிரங்குப் பெட்டியில் பூட்டிவிட்டு இங்கே தேங்காய் ஏற்றினார், அவ்வளவுதான் வித்தியாசம். அல்போன்ஸின் மகன் கெவினுக்குப் பதினாறு வயது. அவன் பெட்டியிலிருந்து ஒரு பந்து வெளியே வந்தது. பழுப்பு நிறம், இரண்டு முனையும் கூர், முதுகில் வெள்ளையாக ஒரு தையல். மட்டைத் தேங்காய்க்குச் சட்டை போட்டதுபோல இருந்தது.

தெருவே அதைச் சந்தேகப்பட்டது. வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் அதற்குள் தங்கம் இருக்கும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். அப்பா பந்தை இரண்டு கையிலும் ஏந்தி எடை பார்த்தார். "உள்ளே காத்துதான்னா வெளியில எதுக்குத் தையல்? பிரிச்சு எதையோ வெச்சுத் தெச்ச மாதிரியில்ல இருக்கு?" என்றார். கெவின் சிரித்துக்கொண்டு, எறிகிறவன் விரல் பிடிமானத்துக்கு என்று அரைத் தமிழில் விளக்கினான். விளக்கம் கிடைத்த பிறகு அப்பாவுக்குச் சந்தேகம் கூடியது.

அமெரிக்கன் ஃபுட்பால் என்று அந்த ஆட்டத்துக்குப் பெயர் சொன்னான். காலால் உதைப்பது அதில் கொஞ்சம்தான்; ஒருவன் கையால் எறிய, இன்னொருவர் எதிராளிகளை ஏய்த்து ஓடிப்போய் அதை வாங்க வேண்டும். அப்படி ஓடி வாங்குகிறவருக்கு 'வைடு ரிசீவர்' என்று பேர். தெருவுக்குப் பின்னால் கருவேலம் மண்டிய திடலில் பையன்களை எல்லாம் ஓடவிட்டுப் பார்த்தான். எல்லார் கையிலும் பந்து 'தொப்' என்று மோதி எகிறி விழுந்தது, என் கையில் மோதாமலே விழுந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆக்னஸ் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். பந்து தலைக்கு மேலே போயிற்று, திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேல் இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். சத்தம் வரவில்லை. கெவின் அவளிடம் ஓடி வந்தான்.

பிறகு என் ஜாமெட்ரி பெட்டியிலிருந்த ஸ்கேலை வாங்கி, அவள் கையை விரிக்கச் சொல்லி, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளந்தான். ஸ்கேலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அங்கே கோச் எல்லார் கையையும் இப்படித்தான் அளப்பார், உயரம், எடை, ஓடுகிற நேரம் எல்லாம் எழுதி வைப்பார் என்று, அவள் பந்தோடு மறுபடி ஓடிப்போன பிறகு, கெவின் என்னிடம்தான் சொன்னான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஊருக்குப் போகும்போது பந்தை எங்களிடம் விட்டுப் போனான். தினமும் சாயங்காலம் நான் எறிவேன், அவள் வாங்குவாள். "ஆள் நிக்கிற எடத்துக்குப் போடாத, ஆள் போற எடத்துக்குப் போடு" என்று கெவின் சொல்லித் தந்திருந்தான். என்னால் அது மட்டும் முடியவில்லை. வெறும் இடத்தைப் பார்த்து எப்படி எறிவது? அவள் அங்கே வந்து சேர்வாள் என்று யார் உத்தரவாதம்? என் பந்து எப்போதும் பின்தங்கியே விழும், அவள் ஓட்டத்தை நிறுத்தித் திரும்பி வந்து அதையும் வாங்கிவிடுவாள். வாங்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள், திட்டமாட்டாள். ஆனாலும் அவளை உருவாக்குவது நான்தான் என்று எனக்குள் ஒரு கர்வம் ஏறிவிட்டது. அந்தத் திடலில் அவளைத் தவிர என்னோடு விளையாட வேறு யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் சூசை ஒரு தபால் உறையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆக்னஸ் அங்கே தங்கிப் படிக்கலாம், கெவின் விளையாடுகிற கிளப்பில் சேரலாம், பெற்றவர் கையெழுத்து வேண்டும் என்று அல்போன்ஸ் எழுதி, கிளப்பின் படிவத்தையும் அனுப்பியிருந்தார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஓய்வூதியத் தாளும் பிறப்பு, இறப்புப் பதிவும் படித்தே பழகிய பிரெஞ்சு அவருடையது. விளையாட்டுக்கென்று ஒரு தாள் அவர் கைக்கு அதுவரை வந்ததில்லை.

"சூசை, உயரம் கேக்குறான், எடை கேக்குறான். டாக்டர் சர்ட்டிபிகேட் வேணுமாம். இதப் பாரு, கை நீளம்! பொம்பளப் புள்ள கை நீளம் எதுக்கு அவனுக்கு?"

"தெரியலீங்களே ஐயா. பந்து வெளையாட்டுக்குன்னு அண்ணன் எழுதியிருக்காரு."

"பந்து வெளையாட நம்ம ஊர்ல எவனாவது எடை போட்டுப் பாத்திருக்கானா? சந்தையில மாடு புடிக்கிறவன்தான் இப்படிக் கேப்பான். சமைக்க, தொடைக்க ஆள் வேணும், சொந்தத்துல கூட்டிக்கிட்டா கேள்வி வராது. கையெழுத்துப் போடாதே."

அப்பாவை முழுக்கக் குறை சொல்ல முடியாது. அப்படிப் போய் அடுப்படியில் வதங்கிய பெண்களின் கடிதங்களைப் படித்துச் சொன்னவரும் அவர்தான். சூசை தாளை வாங்கி மடித்தார். எழுந்திருக்க மனமில்லாமல், மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்ககூட அதுங்களோட இருந்தீங்களே. இதெல்லாம் அந்த வெளையாட்டுக்குத்தான் கேக்குறாங்களா? ஒங்களுக்குத் தெரியுமா?"

அந்த ஸ்கேல் என் கையில்தான் இருந்தது.

"தெரியல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷமாக என்னையே குறுக்கு விசாரணை செய்து பார்த்திருக்கிறேன். அப்பாவை எதிர்த்துப் பேசப் பயம் என்று ஒரு பதில் வைத்திருந்தேன். அந்தப் பதிலை நான் நம்புவதில்லை. அவள் போய்விட்டால் சாயங்காலம் யாருக்கு எறிவது என்பதுதான் காரணம். மறுநாள் திடலில், "ஒங்கப்பா என்னடா சொன்னாரு?" என்று கேட்டாள். "அப்பா பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, போடு" என்று ஓட ஆரம்பித்தாள்.

அடுத்த கோடையில் கெவின் வந்தான். ஒருநாள் மத்தியானம், சாக்குத் துணி தோளில் கிடக்க, சூசை லாரியை விட்டு நேராகத் திடலுக்கு வந்து ஓரமாக நின்றார். கெவின் எறிந்தான், வெறும் இடத்தைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவனைப்போல. ஆக்னஸ் அங்கே போய்ச் சேர்ந்தாள். வாங்கினாள். பத்துப் பந்து ஆன பிறகு சூசை, "இது காய் வாங்குற கையில்ல!" என்றார், யாரிடம் என்றில்லாமல். அன்றைக்கே படிவத்தை லாரியின் பானெட்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பிரெஞ்சில் எழுதத் தெரிந்தது தன் பெயர் மட்டும்தான். அப்பாவிடம் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஆக்னஸ் கெவின் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தாள். ஆனால் தள்ளிப்போன அந்த ஒரு வருஷத்துக்கு விலை இருந்தது. அந்தக் கிளப்பில் ஒரு குறிப்பிட்ட வயதுவரைதான் பெண்களைப் பையன்களோடு ஆடவிடுவார்கள். போன வருஷம் போயிருந்தால் ஆடியிருப்பாள். இப்போது கதவு சாத்தியாகிவிட்டது. பெண்களுக்கென்று அணி அமையும்வரை அவள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தாள். அணி அமைந்ததும் முதல் வருஷம் ஆடவிடாமல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பந்து எறிகிற பெண், சத்தமில்லாமல் வாங்குகிற இந்தக் கறுத்த, ஒல்லியான பெண்ணை நம்பவில்லையாம். ஒரு ஆட்டத்தில் மற்றவர்களுக்கு அடிபட்டு, வேறு வழியில்லாமல் இவளுக்கு எறிந்தாளாம். அதற்குப் பிறகு இவளுக்கு மட்டுமே எறிந்தாளாம். இருபத்தாறு வயதில் அமெரிக்காவிலேயே ஒரு பெண்கள் அணி கூப்பிட்டது. போனாள்; அங்கே பகலில் ரொட்டிக் கடையில் வேலை, சாயங்காலம் மைதானம்.

இதை எல்லாம் எங்கள் தெரு சுலபத்தில் நம்பிவிடவில்லை. ஹெல்மெட் போட்டு, முகத்துக்குக் கம்பி போட்டு, அந்தரத்தில் பறந்தபடி பந்தை வாங்கும் ஒரு போட்டோ வந்தபோது, "மூஞ்சியே தெரியல, இவதான்னு எப்படி நம்புறது?" என்றார்கள். அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "மூஞ்சிய ஏங்க பாக்குறீங்க? கையப் பாருங்க ஐயா" என்றார் சூசை. அப்பா வெகுநேரம் கையைப் பார்த்தார். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "நான் தப்பாப் படிச்சுட்டேன் சூசை" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

இப்போது அப்பா இல்லை, சூசையும் இல்லை. அந்தத் திடலில் இரண்டு வரிசை வீடுகளும் சுற்றுச்சுவர்களும். மட்டையை உரித்துச் சாக்கில் கட்டித்தான் காய் ஏற்றுகிறார்கள். எறிகிறவரும் இல்லை, வாங்குகிறவரும் இல்லை. போன மாதம் சூசையின் வருஷப் பூசைக்கு ஆக்னஸ் வந்திருந்தாள். ஆடுவதை நிறுத்திவிட்டு இப்போது பாரிஸ் பக்கம் பிள்ளைகளுக்குக் கோச்சாக இருக்கிறாள். இடது கை மோதிர விரல் கோணிப்போயிருக்கிறது. என் பன்னிரண்டு வயது மகள் நிலாவைத் தெருவில் ஓடவிட்டு எறிந்தாள். முதலில் 'தொப்', 'தொப்'. மூன்றாம் நாள் சத்தம் குறைந்தது. கோடையில் நாலு வாரம் தன் வீட்டில் தங்கிப் பழகட்டும் என்று ஒரு படிவத்தைக் கொடுத்தாள்.

நான் அதை மூன்று முறை படித்தேன். பிறகு அவளிடம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை அறை, யார் கூட்டிப்போவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

"அப்படியே ஒங்கப்பாதாண்டா நீ" என்றாள். "நல்லாக் கேளு. கேக்குறது தப்பே இல்ல. அவரு தெரியாமச் சொன்னாரு, அத அப்பவே விட்டுட்டேன். அளந்தது எதுக்குன்னு ஒங்கிட்ட சொன்னத கெவின் எங்கிட்ட அப்புறம் சொன்னான். எங்கப்பா கேட்டப்ப நீ தெரிஞ்சுகிட்டே தெரியலன்னியே ரவி."

பதிலுக்குக் காத்திராமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் என் மனைவி படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கை நீளமெல்லாம் எதுக்குங்க கேக்குறாங்க? எனக்கு என்னமோ சரியாப் படல. ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். நிலா என்னைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றேன். நிலாவின் ஜாமெட்ரி பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்துவரச் சொல்லி, கையை மேசைமேல் விரிக்கச் சொன்னேன்.