எண்பத்தேழாம் தாள்

நாற்பதாம் பக்கம் முடிந்ததும் ஹிதாயத்துல்லா பாய் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, காதில் செருகிய பென்சிலை எடுத்துப் பாதி பிளேடால் சீவத் தொடங்குவார். சீவல் தரையில் விழாது. அதற்கென்றே காலி மைடப்பா ஒன்று வைத்திருக்கிறார். பிறகு பத்திரம் எழுதும் பச்சைத் தாளை இழுத்து முதல் வரியை எழுதுவார்: ‘தாய்ப்பத்திரம் சரி’ அல்லது ‘தாய்ப்பத்திரம் சரியில்லை.’ நாவலின் தலையெழுத்து பெரும்பாலும் அந்த வரியிலேயே முடிவாகிவிடும்.

பாய்க்கு வயது ஐம்பத்து மூன்று. தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய பதிவு அலுவலகம் ஒன்றின் எதிரில், தகரக் கூரையின் கீழ் ஒரு மேசை, இரண்டு ஸ்டூல். இருபத்தாறு ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறார். இந்தப் பக்கத்தில் இப்போது மனைகள் கைமாறும் வேகத்தில் மாலை நான்கு மணிவரை அவருக்குத் தலை நிமிர நேரமிருப்பதில்லை. நான்குக்கு மேல் மேசையின் கீழறையிலிருந்து நாவல் வெளியே வரும். அதிலும் ஒரே வகைதான்: நடந்த சரித்திரத்தில் ஒரு முடிச்சை அவிழ்த்து வேறு மாதிரி போட்டுப் பார்க்கும் ஆங்கில நாவல். தோற்ற படை வென்றிருந்தால்? கவிழ்ந்த கப்பல் கரை சேர்ந்திருந்தால்? படித்தவர்கள் மாற்று வரலாறு என்று சொல்வதை பாய், “அப்டி நடந்திருந்தா கதை” என்பார்.

புத்தகங்கள் வந்து சேரும் வழி எளியது. மே மாதம் காட்டாங்குளத்தூர் கல்லூரி விடுதிகளைக் காலி செய்யும் மாணவர்கள் எடைக்குப் போட்டுவிட்டுப் போவதைப் பழைய பேப்பர் கடைக்காரர் பாய்க்கென்று தனியே ஒதுக்கி வைப்பார். அட்டையில் கோட்டையும் ஆகாயக் கப்பலும் சேர்ந்து இருந்தால் அது பாயின் சரக்கு என்பது அவர் கணக்கு. பத்துக்கு ஏழு சரியாக இருக்கும்.

படித்ததும் மதிப்புரை. ஒரு புத்தகத்துக்கு ஒரு தாள், ஒரு பக்கம் மட்டும், வரிசை எண்ணுடன். 1998 ஆகஸ்டில் முதல் தாள். இந்த மார்ச் 2007 வரை நூற்றுப் பன்னிரண்டு. பத்திரத்துக்கு உள்ள தலைப்புகளேதான் நாவலுக்கும். தாய்ப்பத்திரம் என்றால், கதை பிரிந்துபோகும் அந்த ஒரு சம்பவம் நிற்குமா நிற்காதா. நான்கெல்லை என்றால், மாற்றம் எதுவரை பாய்கிறது, எங்கே நிற்கிறது. வில்லங்கம் என்றால், ஆசிரியர் மறந்துபோனவை. கடைசியில் மதிப்பெண், பதினாறு அணாவுக்கு. இதுவரை எந்த நாவலும் பதினாலைத் தாண்டவில்லை.

ஏழாம் தாள், போர்ச்சுகீசியர் இந்தியாவுக்கு வரவே இல்லை என்று தொடங்கும் ஒரு நாவலைப் பற்றியது. வில்லங்கம் என்ற தலைப்பின்கீழ் ஒரே வரி: ‘மிளகாய் வந்த வழிக்கு ஆவணம் இல்லை.’ விளக்கம் கேட்டால் இன்றைக்கும் கொதிப்பார். “கப்பலே வர்லன்னு சொல்ட்டான். சரி, ஒத்துக்கிறேன். அறுபதாம் பக்கத்துல மெட்ராஸ்காரன் பச்ச மிளகா கடிச்சிகினு சோறு துன்றான். மிளகாய எவன் கொண்ணாந்தான்? இவன் மாமனாரா?”

மதிப்புரை எப்போதும் பென்சிலில்தான். பேனா பத்திரத்துக்கு. “நடக்காததுக்குப் பென்சில் போதும். நடந்தத மட்டும் மையில எழுதணும்” என்பது அவர் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. ஒன்பது ஆண்டுகளில் அதை ஒருநாளும் மாற்றியதில்லை.

தாள் பதினொரு வாசகர்களைச் சுற்றி வரும். படித்தவர்கள் பின்புறத்தில் கையெழுத்திட்ட பிறகு கோப்புக்குத் திரும்பிவிடும். சிபாரிசு ஆளைப் பார்த்துத்தான். கூடுவாஞ்சேரி மருந்துக்கடைக்காரருக்கு ரத்த அழுத்தம். உலகப் போர் சம்பந்தப்பட்டதை அவருக்குத் தரமாட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர் அசரியாவுக்கு ரயில் வருகிற கதை எதுவானாலும் சரி. பதினொருவரில் கெட்டிக்கார வாசகர் யார் என்று கேட்டால், சற்றும் யோசிக்காமல் தனசிங் பெயரைச் சொல்லியிருப்பார், போன மாதம்வரை.

தனசிங் கூடுவாஞ்சேரிப் பக்கம் மனைப்பிரிவு போட்டு விற்பவர். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பாய் மேசைக்குத் திரும்பும்போது ஸ்டூலில் தயாராக உட்கார்ந்திருப்பார். புத்தகத்தைவிட மதிப்புரைதான் அவருக்குப் பிடிக்கும். “பாய், நீங்க இங்க உக்காந்து பத்திரம் எழுதறது வேஸ்ட். லண்டன்ல பொறந்திருக்கணும்” என்பார். “லண்டன்ல பொறந்திருந்தா இன்னா ஆயிருக்கும்னு நீ ஒரு கதை எழுதிக்கினு வா. நான் பாத்து அணா போடுறேன்” என்பார் பாய். இருவரும் சிரிப்பார்கள். ஒன்பது வருடச் சிரிப்பு.

மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நான்கு மணி தாண்டிய பிறகு, செல்லியம்மாள் வந்தார். ஊரப்பாக்கத்தில் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். கணவர் இறந்து ஆறு வருடம். கூடுவாஞ்சேரி ரயில்பாதைக்கு மேற்கே, மாமனார் விட்டுச்சென்ற ஏழு சென்ட்டில் ஆஸ்பெஸ்டாஸ் வீடு ஒன்றில் இருக்கிறார். அந்த நிலத்தின் கிழக்குப் பாதி தனக்குச் சொந்தம், காலி செய்து கொடு என்று, பெயர்கூடக் கேள்விப்படாத ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். கிழக்குப் பாதியில்தான் சமையலறையும் கிணறும். நோட்டீஸோடு ஒரு பழைய கூர்ச்சீட்டின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. கூர்ச்சீட்டு என்பது அண்ணன் தம்பிகள் தங்களுக்குள் சொத்தைப் பிரித்துக்கொண்டு எழுதிவைக்கும் காகிதம். பதிவு அலுவலகத்துக்குப் போகாதது. மாமனாரின் அண்ணன் என்று ஒருவர் 1957இல் கிழக்குப் பாதியைப் பங்காகப் பெற்றதாகவும், அவர் பேரன் இப்போது விற்றுவிட்டதாகவும் கதை போயிற்று.

“எங்க மாமனாரு ஒத்தப் புள்ள பாய். அவருக்கு ஒரு அண்ணன் இருந்தாருன்றதையே இந்தப் பேப்பர்லதான் பாக்குறேன். இன்னா ஏதுன்னு படிச்சி சொல்லுங்க.”

போலி என்றால் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார் பாய். 1950ஆம் வருடச் சீட்டில் பின்கோடு எழுதியவர்களை அவர் பார்த்திருக்கிறார். அந்த நம்பிக்கையோடுதான் படிக்கத் தொடங்கினார். ஏவிளம்பி வருஷம், சரி. செங்கல்பட்டு ஜில்லா, சரி. நயா பைசா அந்த வருடம்தான் வந்தது, சீட்டில் அதை நம்பாமல் அணாவும் சேர்த்துப் போட்டிருந்தார்கள், மிகச் சரி. நான்கு எல்லைக்காரர்களும் அந்தக் காலத்தில் உண்மையாகவே அங்கே இருந்தவர்கள். சாட்சிகள் இருவரும் உண்மையான மனிதர்கள், இன்று உயிரோடு இல்லாதவர்கள். ஒரே ஒரு ஆளை மட்டும் புதிதாகப் பிறக்கவைத்துவிட்டு மற்ற அனைத்தையும் இருந்தபடியே விட்டிருந்தது அந்தக் காகிதம். நூற்றுப் பன்னிரண்டு ஆசிரியர்களுக்குக் கைவராத அடக்கம்.

இரண்டாம் பக்கத்தில், அண்ணன் பங்குக்கு வந்த தட்டுமுட்டுச் சாமான்களின் பட்டியல். ஆறாவது இனத்தைப் படித்ததும் பாயின் தலை தானாக ஆடியது. அந்த இனம்தான் இல்லாத அண்ணனை எழுந்து நடமாடச் செய்தது. கை காதுக்குப் போயிற்று; பென்சில் வந்தது; நகலின் மூலையில் ‘பதினாறு அணா’ என்று எழுதி முடித்தது. முதன்முறையாக முழு மதிப்பெண்.

எழுதிய பிறகுதான் அந்த ஆறாவது இனம் அவர் மூளைக்கு எட்டியது.

‘ஒரு காது போன பித்தளை அண்டா – 1.’

பென்சில் மேசையில் உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. முனை உடைந்ததா என்று பார்ப்பவர்போல் மேசைக்கடியிலேயே சிறிது நேரம் இருந்தார். “இன்னா பாய், இப்டி வேர்க்குது உங்களுக்கு” என்று செல்லியம்மாள் தன் முந்தானையாலேயே விசிறினார். ஒன்றுமில்லை என்றார், நகலைத் தன்னிடமே விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். அவர் போனதும் முதல் வேலையாக மூலையிலிருந்த மதிப்பெண்ணை ரப்பரால் அழித்தார். எழுத்து போயிற்று. அழுத்தி எழுதிய பள்ளம் போகவில்லை.

கோப்பைத் திறந்தார். எண்பத்தேழாம் தாள், 11.6.2005. ஓர் அரசனுக்கு இல்லாத தம்பியை உண்டாக்கிய நாவல், ஒன்பது அணா. அவருடைய சொந்தக் கையெழுத்து, முத்து முத்தாக: ‘இல்லாத ஆளுக்குக் கதைக்குத் தேவையானதை மட்டும் கொடுத்தால் அவன் நிற்கமாட்டான். எந்த உபயோகமும் இல்லாத ஒரு பொருளையும் அவன் பேரில் எழுத வேண்டும். உதாரணமாக, ஒரு காது போன பித்தளை அண்டா.’

தாளைத் திருப்பினார். பதினொரு கையெழுத்துகள். நான்காவதன் பக்கத்தில் மட்டும், நீல மையில், ஒரு குறிப்பு: ‘அண்டா பிரமாதம் பாய். – த.சி.’

பாய் அந்த நீல மைமேல் விரலை வைத்தார். தான் மற்றவர்களின் கதையில் ஓட்டை பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது வருடமும், ஓட்டையில்லாமல் செய்வது எப்படி என்று தனசிங் எதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்டிருந்திருக்கிறார். டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்பது ஏனோ அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று பொழுது சாயுமுன் வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக் கதவைத் திறந்து நின்றார். அண்டா அங்கேதான் இருந்தது, கழுத்துவரை தண்ணீரோடு. 1991இல் கடப்பேரியிலிருந்து வீடு மாற்றியபோது மீன்பாடி வண்டியிலிருந்து விழுந்து ஒரு காதை இழந்தது. அடிப்பக்கத்தில் அவர் மனைவி ஜஹீராவின் வாப்பா பெயர் வெட்டியிருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு பொருள் தேடியபோது மனதில் வந்தது இதுதான். கற்பனை என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். தனசிங்கும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

முழுதும் கேட்டபின் ஜஹீரா, “அந்தாளு எழுதுனதுல நெசமான சாமான் இது ஒண்ணுதான். அதுவும் எங்க வாப்பாவுது” என்றார். அடுத்து, பாய் இரண்டு மணி நேரமாக நினைக்காமல் தள்ளிவைத்திருந்ததையும் அவரே எடுத்துச் சொன்னார்: “இந்தத் தாளக் காட்டுனீங்கன்னா மொதல்ல உங்களத்தான் கூப்டுவாங்க. எழுத்து உங்களுது. ஆளு உங்க சினேகிதரு. ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சாங்கன்னு சொல்லுவாங்க. லைசென்ஸ் போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?”

பாய் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தாள் ஒன்றே ஒன்று. அடுப்பில் போட்டால் ஒரு நிமிடம், யாருக்கும் தெரியாது. செல்லியம்மாளின் கிணறும் சமையலறையும் போகும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல் தன் மனதுக்குள் ஓடியதைக் கேட்டு இரண்டாம் முறை அதிர்ந்தார். புதனும் வியாழனும் அவர் எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. பென்சில் காதில் இல்லாத பாயை அலுவலக வாசலில் அந்த இரண்டு நாளில்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பச்சைத் தாள் ஒன்றை எடுத்து, பேனாவைத் திறந்தார். மதிப்புரையைப் பற்றி முதன்முறையாக மையில் எழுதினார். எண்பத்தேழாம் தாள் தம்முடையது, அது சுற்றுக்குப் போன தேதி இன்னது, பின்புறக் கையெழுத்துகள் இன்னாருடையவை, மேற்படி அண்டா 1957இல் கூடுவாஞ்சேரியில் இருந்ததல்ல, தம் மாமனார் தம் மனைவிக்குச் சீர்வரிசையாகக் கொடுத்தது, இன்றும் தம் வீட்டில் உள்ளது. கீழே பெயர், தகப்பனார் பெயர், உரிம எண். எண்பத்தேழாம் தாளின் மூலத்தையும் சேர்த்துத் தைத்து, செல்லியம்மாளிடம் கொடுத்து, நேராக வக்கீலிடம் போகச் சொன்னார். அவர் வயர் கூடையின் அடியில் அதை வைத்து, மேலே துண்டு போட்டு மூடிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினார். “உங்களுக்கு ஒண்ணும் ஆவாதே பாய்?” என்று ஏறும்போது கேட்டார். “தெரியலமா” என்றார் பாய். அது பொய்யில்லை.

ஜும்மா முடிந்து அவர் டி.வி.எஸ். 50 திரும்பியபோது பின்னால் கயிற்றால் கட்டிய அண்டா இருந்தது. அதைத் தூக்கி, முத்திரைத் தாள்களுக்குப் பக்கத்தில், மேசைமேல் வைத்தார். பக்கத்து மேசைக்காரர், “இன்னா பாய், பிரியாணியா?” என்று கேட்டார்.

தனசிங் வழக்கமான நேரத்துக்கு வந்து வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தார். வெயிலைத் திட்டினார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “இந்த வாட்டி நல்லதா ஒண்ணு ரெக்கமண்ட் பண்ணுங்க பாய். போன புக்கு செம போர்” என்றார். பிறகுதான் அண்டாவைப் பார்த்தார். காது உள்ள பக்கம் அவரை நோக்கியிருந்தது. “என்ன பாய், ஆபீஸ்லயே தண்ணி ஸ்டாக்கா?” என்று சிரித்தார்.

பாய் சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் அண்டாவின் விளிம்பைப் பிடித்து, பத்திரம் எதுவும் கசங்காமல், மெதுவாகத் திருப்பினார்; காது இல்லாத பக்கம் தனசிங்கின் முகத்துக்கு நேராக வரும்வரை.