காக்காவின் ஒற்றைக்கால் களிசான்

கொடுத்தவனும் அல்லாஹ், எடுத்துக்கொண்டவனும் அல்லாஹ். எங்கள் காக்கா, எங்கள் எல்லோருக்கும் மூத்த அண்ணன், வஃபாத்தாகி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரிடம் ஒரு தடவையாவது ஏச்சு வாங்கியிருப்பீர்கள். எரிவாயு சிலிண்டரைப் படுக்க வைத்ததற்காக, மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்ததற்காக, தலைக்கவசத்தை மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வந்ததற்காக. ஏசி முடித்தபின் தேநீர் தராமல் அனுப்பமாட்டார் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

காக்கா நிந்தவூரில், வயலையே நம்பியிருந்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். உயர்தர வகுப்பில் படிக்கும்போது வாப்பா மௌத்தானார். விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, காலில் சேறு காயுமுன்பே பள்ளிக்கூடம் போவார். அப்படிப் படித்துத்தான் பொறியியலாளரானார். தூர ஊரில் முதன்முதல் வேலை பார்த்த தொழிற்சாலையில், தொட்டி ஒன்றுக்குள் இறங்கிய அவருடைய தோழர் மேலே வரவில்லை. அவரைத் தூக்கப் போனவரும் வரவில்லை. உள்ளே நச்சு வாயு இருந்திருக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றிக் காக்கா எங்களிடம் கதைத்ததில்லை. அடுத்த வருடமே தொழிற்சாலைப் பரிசோதனை அதிகாரி வேலைக்கு விண்ணப்பித்தார். இளைப்பாறும் வரை அதிலேயே இருந்தார்.

கல்யாணம் முடித்து, மதினியின் கல்முனை வீட்டுக்குக் குடிவந்தார். அந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஐஸ் பெக்டரி. மீனுக்கான ஐஸை உறைய வைப்பது அமோனியா வாயு. குழாய்க்குள் இருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. கடற்கரை உப்புக்காற்றில் குழாய் துருப்பிடித்து அது வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிடும். நெருக்கத்தில் அகப்பட்டவர் பிழைப்பது அரிது. பெக்டரியைச் சுற்றி வீடுகள். அதற்கும் கடலுக்கும் நடுவில் பிள்ளைகளின் டியூஷன் வகுப்பு.

காக்கா முதல் தடவை பரிசோதனைக்குப் போனபோது, வாயு கசிந்தால் அணியும் முகமூடிகள் எல்லாம் முதலாளி ஹாஜியாரின் கண்ணாடி அலுமாரிக்குள், அவருக்குக் கிடைத்த கேடயங்களுக்குப் பக்கத்தில், பூட்டுப் போட்டு இருந்தனவாம். வெளியில் வைத்தால் தூசி படும் என்றாராம் ஹாஜியார். அன்றே அவற்றை எஞ்சின் அறை வாசலுக்கு வெளியே, பூட்டில்லாத பெட்டியில் மாட்ட வைத்தார் காக்கா. வாயுவை அடைக்கும் வால்வுத் திருகையும் வெளிச்சுவருக்கு மாற்றச் சொன்னார். அது முடியும்வரை எஞ்சினை ஓட்டவும் விடவில்லை. ஹாஜியார் சமாதானத்துக்கு ஒரு முழு அறுக்குளா மீன் அனுப்பினார். காக்கா அதை அவருடைய ஐஸ் பெட்டியிலேயே திருப்பி அனுப்பினார். அந்த மீனை மதினி இன்றைக்கும் மறக்கவில்லை.

அபாயச் சங்கு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சங்கு ஏற்கனவே இருந்தது. நோன்பு மாதத்தில் மஃரிபுக்கு நோன்பு திறக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் ஊதுவதும் அதே சங்குதான். கடதாசியில் எல்லாம் சரி. இனி, சங்கு கேட்டதும் எல்லோரும் வீட்டை விட்டு வெளியேறிப் பழகும் ஒத்திகைதான் மிச்சம் என்று காக்கா நாள் குறித்தார். அது ரமழானில் ஒரு நாளாக அமைந்தது. ஜும்ஆவில் அறிவித்தார்கள். அஸர் தொழுகை முடிந்து, மஃரிபுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கையில் சங்கு ஊதியது.

வீட்டை விட்டு ஒருவர்கூட வெளியே வரவில்லை. ஊரே பிஸ்மி சொல்லி நோன்பைத் திறந்தது. அன்று மழை மூட்டம் வேறு, வெயிலைப் பார்த்து நேரம் அறியவும் வழியில்லை. ஜும்ஆவில் முன் வரிசையில் இருந்து அறிவித்தலைக் கேட்ட என் கணவர், இரண்டாவது கோப்பைக் கஞ்சியில் இருந்தார். பள்ளியில் பாங்கு சொல்லவில்லையே என்று யாரோ கேட்டபிறகுதான் தெருவில் சத்தம் எழுந்தது. தவறித் திறந்தாலும் அந்த நோன்பைப் பிறகொரு நாள் பிடித்துத்தானே ஆக வேண்டும். கொஞ்ச நேரத்தில் காக்காவின் வாசலில் ஒரு கூட்டம், அதற்கு முன்னால் ஹாஜியார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இன்ஜினியர் தம்பி, உங்கட சட்டத்தால ஊர் முழுக்கக் களா நோன்பு பிடிக்கணும். நீங்க பிடிப்பீங்களா எல்லாருக்கும்?"

"உங்கட நோன்பு எப்பிடி ஹாஜியார்?"

"நானும் ரெண்டு பேரீச்சம்பழம் திண்டுட்டன்."

எல்லோரும் சிரித்தார்கள். காக்காவும் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உண்மையா வாயு கசிஞ்சிருந்தா, வாயில பேரீச்சம்பழத்தோட நாம எல்லாரும் மௌத்து."

கூட்டம் கலைந்து போகும்போது ஹாஜியார் மட்டும் நின்று, இனி என்ன செய்வது என்று கேட்டார். அவர்களுடைய சிநேகிதம் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

நோன்புச் சங்கு நோன்புக்கே என்று விட்டார்கள். அபாயத்துக்கு, விட்டு விட்டு அலறும் வேறொரு ஹோர்ன் வந்தது. ஒத்திகையை நோன்புக்கு முந்திய மாதத்துக்கு மாற்றினார்கள். பக்கத்து ஊரான பாண்டிருப்பின் மீனவச் சகோதரர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். வாயு காற்றோடு போகும். ஆகவே காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும், மூக்கில் ஈரத்துணி வேண்டும் என்று காக்கா பள்ளிவாசல், பாடசாலை, மீன் வாடி எல்லா இடத்திலும் போய்ச் சொன்னார். காற்றுத் திசை தெரிய, மதினி செம்மஞ்சள் துணியில் நீளமாக ஒரு குழாய் தைத்துக் கொடுத்தார். அதைப் பெக்டரித் தண்ணீர்த் தாங்கியின் உச்சியில் கட்டினார்கள். ஒரு கால் மட்டும் உள்ள காற்சட்டை போலிருந்ததால், மறுநாளே ஊர் அதற்குப் பெயர் வைத்துவிட்டது: இன்ஜினியர்ர ஒத்தைக்கால் களிசான். மற்றக் கால் எங்கே என்று பஸ்ஸில்கூடக் கேட்பார்கள். களிசானாவது அண்ணாந்து பார்க்க வைக்கிறதே என்பார் காக்கா.

இளைப்பாறிய பிறகும், இதய நோய் வந்து மூச்சு வாங்கிய கடைசி நாட்களிலும், மாடியில் கதிரை போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். துணி கிழிந்தால் ஹாஜியாருக்குத் தொலைபேசி போகும். ஒரு நாள் விடியற்காலை, சுபஹுத் தொழுகைக்குப் பின் அமைதியாகப் போய்விட்டார்.

காக்கா போய்ச் சில மாதங்களில், அவர் பயந்த நாள் வந்தது. டியூஷன் விட்டு வரும் மகளைக் கூட்டிப்போக நான் மதினி வீட்டில் காத்திருந்தேன். ஹோர்ன் விட்டு விட்டு அலறியது. ஒத்திகை மாதம் அல்ல. பெக்டரிக்கும் கடலுக்கும் நடுவில் என் பிள்ளை. செருப்புக்கூடப் போடாமல் நேரே கடற்கரைப் பக்கம் ஓடினேன். மதினி பின்னால் ஓடி வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"எங்க போறாய்? முதல்ல களிசானப் பாரு."

பார்த்தேன். மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று. துணி கடலை நோக்கி விறைத்து நின்றது. நான் வாயு போகும் பாதைக்குள் போய்க்கொண்டிருந்தேன். பள்ளி ஒலிபெருக்கி, வடக்கே மைதானத்துக்குப் போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. மதினி என் கையை விடவில்லை. அப்படியே வடக்கே நடந்தோம்.

மைதானத்தில் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஆசிரியரோடு நின்றார்கள், ஒத்திகையில் நிற்கும் அதே இடத்தில். மகள் ஈரத் துப்பட்டாவை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, கடற்கரை மணல் ஒட்டிய என் வெறுங்கால்களைப் பார்த்தாள்.

"உம்மா, காத்துப் போற பக்கமா ஓடினீங்க? மாமா ஏசுவார்."

காக்காவை, ஏசியிருப்பார் என்று சொல்லவில்லை, ஏசுவார் என்றாள். நானும் மதினியும் அழுதோமா சிரித்தோமா என்று இன்றுவரை தெரியாது.

குழாய் இணைப்பு ஒன்று வெடித்திருந்தது. வேலையாட்கள் வாசல் பெட்டியிலிருந்த முகமூடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சுவர்த் திருகை அடைத்தார்கள். கண் எரிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் சுகமாக வீடு திரும்பினார்கள். ஒரு ஜனாஸாகூட விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

காக்காவை நோயில் பார்த்துக்கொண்ட வைத்தியர்கள், தாதியர், ஜனாஸாவைத் தோள் கொடுத்துச் சுமந்தவர்கள், குர்ஆன் ஓதிய கத்தத்துக்கு விருந்து சமைத்தவர்கள், வாயு கசிந்த நாளில் லொறியில் வயதானவர்களை ஏற்றிச் சென்ற பாண்டிருப்புச் சகோதரர்கள், அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஹோர்னைத் தன் கையாலேயே அழுத்திய ஹாஜியாருக்கும். அவர் இந்த ஆண்டு நிறைவுக் கத்தத்துக்கு ஒரு அறுக்குளா அனுப்பியிருக்கிறார். இந்தத் தடவை மதினி திருப்பி அனுப்பவில்லை.

பழைய துணி வெயிலில் வெளிறிவிட்டது. மதினி புதிது தைத்து முடித்திருக்கிறார். நோன்புக்கு முந்திய மாத ஒத்திகையில் அதை ஏற்றுவார்கள். காக்காவுக்காக நீங்கள் கேட்கும் துஆவை அன்று மைதானத்துக்கு வந்து கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். வரும் வழியில் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள், காற்று எந்தப் பக்கம் என்று.